ஊசிக்குப் பதிலா பட்டு? தோல் வழியே மருந்து போகும் கதை

ஆரணியில் சாயம் ஏத்துறதுக்கு முன்னாடி பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்ட தண்ணியில வேக வைப்பாங்க. நூலைச் சுத்தியிருக்கிற செரிசின் என்ற பசை கரைஞ்சு போயிடும். மிஞ்சுறது ஃபைப்ராயின் என்ற புரதம். புடவைக்குப் பளபளப்பு தர்ற இதே புரதத்தை வச்சு, ஊசிக்கு மாற்று தேடுறாங்க. அதைப் புரிஞ்சுக்க, முதல்ல சாதாரண பேட்ச் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம்.

மாத்திரையா விழுங்குற மருந்து குடலிலிருந்து நேரா கல்லீரலுக்குப் போகும். சில மருந்துகளில் பெரும்பகுதி அங்கேயே சிதைஞ்சிடும். பேட்ச் அந்த வழியைத் தவிர்க்குது. செறிவு அதிகமான பேட்ச்சிலிருந்து செறிவு குறைந்த உடலுக்குள் மருந்து மெதுவா பரவுது. நாம படிச்ச ஃபிக் விதியேதான்! சூடு பட்டா மருந்து வேகமா நுழையும். அதனால பேட்ச் மேல வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. 1979-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் பேட்ச், பயணக் குமட்டலுக்கான ஸ்கோபோலமைன். காதுக்குப் பின்னாடி ஒட்டினா மூணு நாள் தாங்கும்.

அப்போ, தினமும் ஊசி குத்திக்கிற சர்க்கரை நோயாளிக்கு ஏன் இன்சுலின் பேட்ச் இல்லை? காரணம் தோலின் மேலடுக்கு. தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். ஆனா செத்த செல்கள் செங்கல் மாதிரியும், நடுவுல கொழுப்பு சிமென்ட் மாதிரியும் அடுக்கியிருக்கு. மூலக்கூறு எடை சுமார் 500 டால்டனைத் தாண்டினா நுழையுறது கஷ்டம். நிகோட்டின் 162, ஃபென்டனில் 336, இரண்டும் போகும். இன்சுலினோ சுமார் 5,800!

இங்கதான் பட்டு வருது. ஃபைப்ராயினை லித்தியம் புரோமைடு கரைசலில் கரைச்சு, உப்பை நீக்கி, மருந்து கலந்து அச்சில் ஊத்திக் காய வச்சா நுண்ணூசிகள் கிடைக்கும். அவை மேலடுக்கை மட்டும் தாண்டும் அளவுக்குத்தான் நீளம் என்பதால் வலி குறைவு. அதிக வெப்பம் தேவையில்லை என்பதால் மருந்தும் கெடாது. ஃபைப்ராயினின் படிக அமைப்பைக் கூட்டினா மருந்து மெதுவா வெளியேறும். அந்தக் கட்டுப்பாடு நம்ம கையில். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் இப்படிப்பட்ட பட்டு நுண்ணூசிகளைச் செய்து காட்டினாங்க.

சிக்கலும் உண்டு. அவ்வளவு சின்ன முனையில் கொஞ்சம் மருந்துதான் பிடிக்கும். தினசரி இன்சுலின் அளவை அதில் அடக்குறது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனா அது பொருளியலும் வடிவமைப்பும் சேர்ந்த கணக்கு, அதாவது நம்ம வேலை. ப்ராஜெக்ட் தலைப்பு தேடுறவங்க, அடுத்த முறை பட்டு நூலைப் பார்க்கும்போது புடவையை மட்டும் நினைக்காதீங்க.