வேண்டாச் செயற்கூறுகளை விலக்குதல்

கணினி நிரல் இயற்றும் மாணவர் பலர், தாம் எழுதிய சில வரிகள் இயந்திர மொழியாக மாறி வெளிவருங்கால், அவ்வரிகளுக்குச் சற்றும் பொருந்தாப் பருமன் உடையனவாயிருத்தல் கண்டு வியப்புறுவர். பெருங்கணினிகளில் இஃதொரு குறையாகத் தோன்றுவதில்லை. ஆயின் ஆர்டுயினோ யூனோ என்னும் சிறு பலகையிலுள்ள ஏடிமெகா328பி சில்லில், நிரலுக்கென அமைந்த பிளாஷ் நினைவகம் 32 கிலோபைட்டே. அதனுள்ளும் அரைக் கிலோபைட்டு பூட்லோடருக்கு உரியது. எஞ்சிய எல்லையை ஒரு பைட்டளவு கடப்பினும் நிரல் சில்லில் ஏறாது. ஆகலின், ஒருகாலும் அழைக்கப்படாத செயற்கூறுகள் நிரலினுள் எங்ஙனம் புகுகின்றன என்பதையும், லிங்கர் அவற்றை எங்ஙனம் விலக்குகின்றது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

கம்பைலர் மூலக் கோப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே மொழிபெயர்த்து ஆப்ஜெக்ட் கோப்பாக்குகின்றது. அக்கோப்பிலுள்ள செயற்கூறுகளைப் பிற கோப்புகள் அழைக்குமோ அழையாவோ என்பதை அஃது அறியாது. எனவே, அக்கோப்பினுள் மட்டுமே வழங்குவனவென்று அறிவிக்கப்பட்டவை நீங்கலாக, யாதொன்றையும் களைய அதற்கு உரிமையில்லை. கோப்புகள் அனைத்தையும் ஒருங்கே காண்பது, அவற்றைப் பிணைத்து ஒன்றாக்கும் லிங்கரே. அதற்கும் ஓர் இடர்ப்பாடுண்டு. ஒரு கோப்பின் செயற்கூறுகளெல்லாம் வழக்கமாக 'டெக்ஸ்ட்' என்னும் ஒரே செக்‌ஷனுள் அடைபடுகின்றன. லிங்கர் செக்‌ஷனை முழுதும் கொள்ளும், அன்றேல் முழுதும் தள்ளும், அறுத்துப் பங்கிடாது. பத்துள் ஒன்றை வேண்டினும் ஏனைய ஒன்பதும் உடன்வரும். செயற்கூறு ஒன்றுக்குக் கோப்பு ஒன்றாக எழுதும் வழக்கம் நிரல் நூலகங்களில் நிலவியமை இதுபற்றியே. அவ்வாசிரியர்களின் பொறுமை பாராட்டத்தக்கதே. எனினும் இந்நாளில் அப்பாடு வேண்டுவதில்லை. ஜிசிசி கம்பைலருக்குப் 'பங்ஷன்-செக்‌ஷன்ஸ்' என்னும் கட்டளையைக் கொடுப்பின், அது செயற்கூறு ஒவ்வொன்றையும் தனிச் செக்‌ஷனில் வைத்துவிடும்.

இனி, லிங்கருக்கு 'ஜிசி-செக்‌ஷன்ஸ்' என்னும் கட்டளை கொடுக்கப்படுகின்றது. ஆர்டுயினோவின் கருவித்தொகுதி இவ்விரண்டையும் தானே கொடுத்துக்கொள்ளும். லிங்கர் நிரலின் தொடக்க வாயிலை வேராகக் கொண்டு, அது குறிப்பிடும் செக்‌ஷன்களுக்கு அடையாளமிட்டு, அவை குறிப்பிடுவனவற்றுக்கும் அடையாளமிட்டு, இவ்வாறே எட்டியமட்டும் செல்கின்றது. அடையாளம் பெறாதவை எறியப்படுகின்றன. லிஸ்ப் மொழியில் பயனற்ற நினைவிடங்களை மீட்டற்பொருட்டு ஜான் மெக்கார்த்தி 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையும் இவ்வினத்ததே. இம்முறையின் சிறப்பு யாதெனின், ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு, வெளியார் ஒருவராலும் அழைக்கப்படாத இரு செயற்கூறுகளும் இதற்குத் தப்பா. ஒவ்வொன்றையும் அழைப்போர் எத்துணையர் என்று எண்ணும் முறையாயின், அவை ஒன்றற்கொன்று சாட்சியாகி நிலைத்துவிடும்.

ஆயினும் லிங்கர் காண்பது குறிப்புகளையே. நிரல் ஓடும் போக்கை அன்று. ஒருநாளும் மெய்யாகாத நிபந்தனையின்கீழ் அழைக்கப்படும் செயற்கூறும், ஓர் அட்டவணையில் முகவரி மட்டும் எழுதப்பட்டுள்ள செயற்கூறும் எஞ்சிநிற்கும். இதனால் விளைவது சிறிது இடநஷ்டமே. பிறரால் ஏற்றி வழங்கப்படும் பகிர் நூலகத்தில், வெளிக்குக் காட்டப்பட்ட பெயர்களெல்லாம் வேர்களாகிவிடுதலின், அங்குப் பயன் இன்னுஞ் சிறுத்துவிடும்.

அஞ்சத்தக்கது இதற்கு மறுதலையானது. நுண்கட்டுப்படுத்தியில் இடையீடு நேருங்கால் எச்செயற்கூறு இயங்கவேண்டுமென உரைக்கும் அட்டவணையை நாடுவது சில்லே; நிரலின் எப்பகுதியும் அதனைப் பெயர்சொல்லி அழைப்பதில்லை. அதனை வேண்டாததெனக் கருதி லிங்கர் எறிந்துவிடின், பிழைச்செய்தி ஒன்றும் தோன்றாமலே நிரல் பிணைக்கப்பெறும். சில்லோ ஊமையாய்க் கிடக்கும். இதுபற்றியே லிங்கர் குறிப்பேட்டில் அத்தகைய செக்‌ஷன்களைக் 'கீப்' என்னும் சொல்லுக்குள் பொதிந்து, அவற்றையும் வேர்களாக்குகின்றனர். தம் முகவரிகளைத் தனிச் செக்‌ஷனொன்றில் பதிந்துவைத்து, ஓடுங்கால் மட்டும் தேடிக் காணப்படும் உறுப்புகளுக்கும் இக்காப்பு இன்றியமையாதது. 'பிரிண்ட்-ஜிசி-செக்‌ஷன்ஸ்' என்னும் கட்டளையையும் உடன்கொடுப்பின், எறியப்பட்டவற்றின் பெயர்களை லிங்கர் வரிசையாக அச்சிடும். பருமன் குறைந்ததென்று மகிழுமுன் அப்பட்டியலை ஒருமுறை வாசிக்குமாறு மாணவ நண்பர்களை வேண்டுகின்றோம்.