ஆறு நாளில் ஒரு தேசிய தின விழா – பெர்மாஸ் ஜெயா அனுபவம்

விழா எடுத்துப் பழகாத தமிழ்மொழிக் கழக உறுப்பினர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பொங்கல் விழா, கவியரங்கம், நாடக இரவு என்று ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதத்திற்கு முன்பே செயற்குழு அமைத்து, நன்கொடைக் கடிதம் அனுப்பி, நான்கு முறை கூட்டம் போட்டுத்தான் நமக்குப் பழக்கம். ஆறே நாள்தான் இருக்கிறது என்றால் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? 2024 ஆகஸ்டு மாதம் எனக்கு அப்படியொரு சோதனை வந்தது. அதில் நான் கற்றதையும், அதன் பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பல்கலைக்கழக விடுமுறைக்காகப் பெர்மாஸ் ஜெயாவில் உள்ள வீட்டிற்கு வந்திருந்தேன். ஜொகூர் நீரிணையை ஒட்டிய ஊர் அது. கரையில் நின்றால் எதிரே சிங்கப்பூரின் செம்பாவாங் பகுதி தெரியும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆண்டுதோறும் தேசிய தின விழா நடத்துபவர் திடீரென்று வெளியூர் போக வேண்டியதாயிற்று. ஆகஸ்டு 25, ஞாயிறு இரவு கீழ்த்தளத்தில் கூடிய குடியிருப்பாளர் குழுவில், "பல்கலைக்கழகத்துப் பிள்ளை இருக்கிறதே" என்று யாரோ சொல்ல, பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் அம்மாதான் முதலில் கைதட்டியவர் என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

முதல் சிக்கல் நாள். குழுவில் சிலர், "அவசரம் எதற்கு? செப்டம்பர் 16, மலேசிய தினத்திற்குத் தள்ளிவைப்போமே" என்றார்கள். தள்ளிவைப்பது நம் நாட்டு வரலாற்றுக்குப் புதிதன்று. மலேசியா 1963 ஆகஸ்டு 31 அன்றுதான் உருவாவதாக இருந்தது. சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை ஐக்கிய நாட்டுச் சபையின் குழு அறிந்து சொல்ல வேண்டியிருந்ததால் நாள் செப்டம்பர் 16க்கு மாறியது. குழுவின் அறிக்கை செப்டம்பர் 14இல்தான் வெளிவந்தது. இடையில் இருந்தது இரண்டே நாள். ஆனால் எங்களால் தள்ளிவைக்க முடியவில்லை. 2024இல் செப்டம்பர் 16 நபிகள் நாயகத்தின் பிறந்தநாளோடு சேர்ந்து வந்தது. மலாய் அண்டை வீட்டார் அன்று ஊர்வலத்திற்கும் சூராவுக்கும் போய்விடுவார்கள். ஆகவே ஆகஸ்டு 31 என்றே முடிவாயிற்று.

அடுத்தது நேரம். பெர்மாஸ் ஜெயாவை அறியாதவர்களுக்கு இது புரியாது. எங்கள் குடியிருப்பில் பலர் விடியற்காலை நான்கரை மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். நமக்குச் சுதந்திர தினம் என்றால் அக்கரை முதலாளிக்கு அது இன்னொரு சனிக்கிழமை. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை (2025 ஜனவரியில்தான் சனி, ஞாயிறுக்கு மாறியது). ஒரே வீட்டில் கணவருக்கு ஒரு விடுமுறை, மனைவிக்கு வேறு விடுமுறை. எந்த நேரம் வைத்தாலும் யாரேனும் விடுபடுவார்கள். இறுதியில், காலையில் இருப்பவர்களை வைத்துக் கொடியேற்றம், மாலை ஐந்து மணிக்கு மேல் விருந்தும் விளையாட்டும், சூரியன் மறையும் ஏழு மணிவாக்கில் எல்லாரும் சேர்ந்து கொடியிறக்கம் என்று பிரித்தேன். இந்த ஒரு முடிவுதான் விழாவைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன்.

பொருள்கள் சேர்த்த கதை வேறு. திங்கட்கிழமை கூடாரத்திற்குக் கேட்டால் எங்கும் இல்லை. சீனர்களின் ஏழாம் மாதம் அந்த ஆண்டு செப்டம்பர் 2 வரை நீண்டது. அவர்கள் மேடைக்கும் விருந்துக்கும் எடுத்துப்போனது பாதி. ஆவணி மாதக் கல்யாணங்களுக்குப் போனது மீதி. நான் மூன்று பக்கத்திற்கு ஒரு தேவைப் பட்டியல் தயாரித்திருந்தேன். ஓய்வு பெற்ற இராணுவ வீரரான பாக் சிக் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதில் எது நம் வீடுகளில் ஏற்கெனவே இல்லை?" பட்டியலைத் திருப்பி எழுதினேன். கூடாரத்திற்குப் பதில் கீழ்த்தளத்துத் தூண்களுக்கு இடையிலான வெற்றிடம். கோயிலிலிருந்து நாற்காலி, சூராவிலிருந்து பெரிய சட்டிகள், மூன்றாம் மாடிச் சீனக் குடும்பத்தின் கராவோக்கே பெட்டி. மாக் சிக்குகள் நாசி லெமாக், நம்மவர்கள் வடையும் கச்சானும், சீனர்கள் பழமும் குளிர்பானமும். வாங்க வேண்டியிருந்தது புதுக்கொடி ஒன்றும் கயிறும் மட்டுமே.

பின்னர் படித்தபோது, நம் தேசிய அடையாளங்களின் பிறப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான் என்று தெரிந்து வியந்தேன். தேசிய கீதத்திற்காக உலக அளவில் போட்டி வைத்து 514 படைப்புகள் வந்தன. எதுவும் பொருந்தவில்லை. பெயர்பெற்ற இசையமைப்பாளர்களைக் கேட்டும் திருப்தி ஏற்படவில்லை. 1957 ஆகஸ்டு 5 அன்று, அதாவது சுதந்திரத்திற்கு இருபத்தாறு நாள் இருக்கையில், ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்த பேராக் மாநில கீதத்தின் மெட்டையே எடுத்துக்கொண்டார்கள். அதற்கு எழுதப்பட்ட புதிய சொற்களோடு அது 'நெகாராகூ' ஆனது. மெர்டேக்கா விளையாட்டரங்கம் ஆகஸ்டு 21இல்தான் கட்டி முடிந்தது. விழாவுக்குப் பத்து நாள் முன்பு! நம் கொடியின் கதை இன்னும் நெருக்கமானது. 1949இல் நடந்த கொடிப் போட்டிக்கு, ஜொகூர் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய முகமட் ஹம்சா என்ற கட்டடக் கலைஞர் இரண்டே வாரத்தில் இரண்டு வடிவங்களை வரைந்து அனுப்பினார். வந்திருந்த 373 வடிவங்களில் அவருடையது ஒன்று வென்றது. சில மாற்றங்களுக்குப் பிறகு 1950 மே 26 அன்று முதன்முதலாக ஏற்றப்பட்டது. 1963இல் கோடுகள் பதினொன்றிலிருந்து பதினான்காயின. 'ஜாலூர் கெமிலாங்' என்ற பெயர் 1997இல்தான் வந்தது. ஜொகூர்க்காரர் இரண்டு வாரத்தில் ஒரு கொடியையே வரைந்திருக்க, கொடியேற்ற ஆறு நாள் போதாது என்று புலம்பிய எனக்கு வெட்கமாக இருந்தது.

இனி, தமிழ் பற்றி. நிகழ்ச்சி நெறியாளர் மலாயில் பேசுவார் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. நானோ நான்கு பக்கத் தமிழ் உரையொன்றை ஆர்வத்தோடு எழுதி வைத்திருந்தேன். ஒரு மாமா, "இத யாருக்கும்மா படிக்கப் போற?" என்று கேட்டார். கோபம் வந்தது, ஆனால் கேள்வி நியாயமானது. பாதிக் கூட்டத்திற்குப் புரியாத உரையைத் தமிழ்ப்பற்றின் பெயரால் படிப்பதில் என்ன பயன்? தமிழில் மட்டுமே சொல்லக்கூடிய செய்தி ஏதேனும் இந்த வளாகத்தில் இருக்கிறதா என்று யோசித்தேன். முதல் மாடிப் பாட்டியின் நினைவு வந்தது.

அவர் 1949இல் உலு திராம் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். சுதந்திரத்தன்று எட்டு வயது. லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் கிராணி வீட்டு வாசலில் நின்று வானொலி கேட்டார்களாம். துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை 'மெர்டேக்கா' என்று முழங்கியபோது, பொருள் தெரியாமலே இவர்களும் எண்ணி எண்ணிக் கத்தியிருக்கிறார்கள். "ஏழாவது தடவைக்கு எனக்குத் தொண்ட கட்டிப்போச்சு" என்றார். இதை அவர் தமிழில் சொல்ல, நான் மலாயில் பெயர்ப்பது என்று ஏற்பாடு. அத்தோடு, குடியிருப்பிலேயே மூத்தவர் என்பதால் காலையில் கொடியேற்றுவதும் அவரே என்று குழு முடிவு செய்தது.

வியாழன் மாலை சொல்லப் போனேன். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு அலமாரியிலிருந்து பையொன்றை எடுத்து, அடையாள அட்டையைக் காட்டினார்.

"ஏம்மா, நான் ஏத்தலாமா? என் ஐ.சி. செவப்பாச்சே."

பதினைந்து ஆண்டாக அதே மாடிப்படியில் ஏறி இறங்கியிருக்கிறேன். அவர் நிரந்தரவாசி மட்டுமே, குடிமகள் அல்லர் என்பது எனக்குத் தெரியாது. வாக்களித்ததே இல்லை என்பதும் தெரியாது.

காரணத்தை அவர் வாயிலாகவும் பின்னர் அரசியலமைப்பைப் படித்தும் அறிந்தேன். 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் வரை இம்மண்ணில் பிறந்த குழந்தைகள் பிறப்பாலேயே குடிமக்கள் ஆனார்கள். அதற்கு முன்பு பிறந்து, பெற்றோர் இருவரும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்களாக இருந்தால், விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். இங்கே பிறந்தவர்களுக்கான 16ஆம் பிரிவு எளிய மலாய் அறிவைக் கேட்டது. சுதந்திரத்திற்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. அந்த ஓராண்டில் பாட்டியின் தந்தை பட்டணம் போகவில்லை. போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அடுத்த சம்பளத்திற்குப் பிறகு போகலாம், அதற்கடுத்த சம்பளத்திற்குப் பிறகு போகலாம் என்று 1958 ஆகஸ்டும் கடந்துவிட்டது. 1967இல் பாட்டிக்குப் பதினெட்டு வயதானபோது அவரே விண்ணப்பித்திருக்கலாம். அதற்குள் கல்யாணம், கைக்குழந்தை, மலாயில் கேள்வி கேட்பார்களே என்ற பயம். ஆறு நாளைக் குறுகிய அவகாசம் என்று நான் அந்த வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளிக்கு ஓராண்டு எவ்வளவு குறுகியது என்பதை எந்தத் திட்டப் பட்டியலிலும் நான் எழுதியதில்லை.

பாக் சிக்கிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். குழுவைக் கூட்டிப் பேச வேண்டுமோ என்றும் கேட்டேன். அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். "கயிறு இழுக்க எந்த நிற அட்டை வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, நேராகப் பாட்டி வீட்டுக்குப் போய், கயிறை எப்படிப் பிடிப்பது என்று துடைப்பக் கட்டையை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு இருபத்தைந்து பேர் இருந்திருப்போம். கொடி பாதியில் ஒருமுறை சிக்கியது. பாட்டி கைவிடவில்லை. மாலையில் கூட்டம் நிறைந்தது. வடை அரை மணியில் தீர்ந்தது, கராவோக்கே பெட்டி இருமுறை நின்றது, சாக்கு ஓட்டத்தில் என் தம்பி விழுந்தான். பாட்டி ஏழு முறை கத்திய கதைக்கு எழுந்த சிரிப்பு, நான் மலாயில் பெயர்த்த பிறகு மறுபடியும் எழுந்தது. அவருடைய அட்டையின் நிறத்தை யாரும் மேடையில் பேசவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி நானும் பேசவில்லை. இங்கே எழுதுவது அவர் ஒப்புதலோடுதான்.

விழாக் கணக்கை முடித்துக் கொடுத்த மறுவாரம், பாட்டியின் பையில் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன். பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் ஒரு விதம், அட்டையில் வேறு விதம். அதைச் சரிசெய்யவே மாதங்கள் ஓடின. 2025இல் விண்ணப்பம் கொடுத்தோம். மலாய் நேர்காணலுக்காகப் பாக் சிக் மாலை வேளைகளில் கீழ்த்தளத்து நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். சந்தை மலாய் பாட்டிக்கு என்னைவிட நன்றாக வரும். ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளில் முதலிரண்டையும் கடைசியையும் தடையின்றிச் சொல்லிவிடுகிறார். அரசியலமைப்பும் சட்டமும்தான் இன்னும் இடம் மாறி மாறி வருகின்றன.