மொனராகலையிலிருந்து நாஷ்வில் மாநாட்டுக்கு

அமெரிக்கக் கிறிஸ்தவ ஆலோசகர் சங்கம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை உலக மாநாடு நடத்துகிறது. 2023 செப்டெம்பரில் அது டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், 2,888 அறைகள் கொண்ட கேலார்ட் ஓப்ரிலாண்ட் விடுதியில் கூடியது. ஊவாத் தோட்டங்களில் உளவளத்துணை செய்யும் போதகரோ சபை ஊழியரோ அங்கே போக நினைத்தால் ஒன்றை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மாநாட்டில் தரும் தொடர்கல்விப் புள்ளிகள் அமெரிக்க மாநில உரிமம் வைத்திருப்பவர்களுக்கானவை. இங்கே அவற்றை வைத்து ஒன்றும் ஆகாது. சான்றிதழ் வேண்டுமா, தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனத்தின் உளவளத்துணை டிப்ளோமாவைப் பாருங்கள். அடிப்படைப் பயிற்சி வேண்டுமா, வேலூரில் கிறிஸ்தவ ஆலோசனை மையம் இருக்கிறது, செலவும் குறைவு. சில வருடம் ஆட்களோடு உட்கார்ந்து பேசிப் பழகி, ஏதோ ஒரு கேள்வியில் முட்டிக்கொண்டு நிற்பவருக்குத்தான் நாஷ்வில்.

விசாவுக்கு அழைப்புக் கடிதத்தை மட்டும் நம்பாதீர்கள். விண்ணப்பிக்கிறவர் அங்கேயே தங்கிவிடுவார் என்ற எண்ணத்தில்தான் அமெரிக்கச் சட்டம் தொடங்குகிறது. அப்படி இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. சபைத் தலைமை தந்த விடுமுறைக் கடிதம், சம்பள விவரம், செலவை யார் ஏற்கிறார் என்ற கடிதம் கையில் இருக்கட்டும். தூதரக நேர்காணலில் கேட்டதற்கு மட்டும், உள்ளதை உள்ளபடி, சுருக்கமாகச் சொல்லுங்கள். அங்கே பிரசங்கம் வேண்டாம். 2023 ஜூனில் 185 டொலராக உயர்ந்த விசாக் கட்டணம், மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. ஆகவே விமான டிக்கெட்டை விசா வந்த பிறகே எடுங்கள். இன்னொன்று: வெல்லவாய, பலாங்கொடை, இரத்தினபுரி என்று இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கி வந்து, அந்த முகத்தோடு தூதரகத்துக்குப் போகாதீர்கள். முதல் நாளே கொழும்பு வந்து தங்குங்கள்.

மாநாட்டில் ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வுகள் நடக்கும். பேர்பெற்ற பேச்சாளரைப் பார்க்க ஓடுவதுதான் பலரும் செய்வது. அந்தப் பேச்சுகளின் பதிவுகளைப் பிறகும் கேட்கலாம். சிறிய அறைகளுக்குப் போங்கள். அங்கேதான் கை தூக்கிக் கேட்க முடியும். எந்த அறை என்பதை உங்கள் தோட்டம் சொல்லட்டும். கசிப்பில் கிடக்கும் அப்பா, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன அம்மா, பாட்டியிடம் வளரும் பிள்ளை என்று உங்களிடம் வருவதை எழுதிப் பாருங்கள். போதைப் பழக்கம், பிரிவு, பிள்ளைகளின் மனக்காயம் ஆகிய அமர்வுகள் தாமாகவே தெரிவாகிவிடும்.

கேட்டதை அப்படியே சுமந்து வரவும் கூடாது. தற்கொலைத் தடுப்பு என்றால் அமெரிக்கர்களுக்குத் துப்பாக்கி. அங்கே பாதிக்கு மேற்பட்ட தற்கொலைகள் அதனால்தான். நமக்குப் பூச்சிமருந்து. 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 தற்கொலைகள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பின் அந்த விகிதம் பெருமளவு இறங்கியது. இதை நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஆலோசனை முறையில் பூட்டிய அறை, ஒரு மணி நேரம், முன்பதிவு எல்லாம் உண்டு. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாமே கேட்கும். "இரகசியம் காக்க முடியாத இடத்தில் எப்படிப் பேசுவது?" என்று கேளுங்கள். அகதி முகாமிலோ சிறையிலோ வேலை செய்தவர் யாராவது அறையில் இருந்தால், அவரிடம் பதில் இருக்கும்.

ஒரு பழைய சண்டையையும் தெரிந்து வைத்திருங்கள். வேதாகமமே போதும், உளவியல் தேவையில்லை என்ற கட்சிக்கு 1970இல் அமெரிக்கப் போதகர் ஜே அடம்ஸ் எழுதிய நூல் பெரிய பலம் தந்தது. நாஷ்வில் கூட்டம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. என் பார்வையில் நம் பக்கத்தில் இது வெறும் விவாதமல்ல. ஜெபத்தில் சுகமாகும் என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவதால் ஆட்கள் விழுகிறார்கள். பதுளை வைத்தியசாலைக்கு எப்போது அனுப்புவது, 1926 என்ற மனநல உதவி எண்ணை எப்போது கொடுப்பது என்பது போகுமுன்பே தெளிவாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோவைச் சொல்லுங்கள். மொனராகலை மாவட்டத்துப் புத்தலையில் பௌத்த கிராமத்தவரோடு குடிசையில் வாழ்ந்து, 1987 நவம்பர் 10 அன்று பூசை வைக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டவர். மதம் மாற்றாமல் அயலவரின் துயரத்தோடு இருப்பது எப்படி என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கலாம்.

திரும்பி வந்ததும் சபையில் படம் காட்டி அறிக்கை வாசிப்பது வழக்கம். அதை ஒரு ஞாயிறோடு முடித்துவிடுங்கள். அடுத்த கிழமையே குடும்பநல உத்தியோகத்தர், பிள்ளை மடுவப் பொறுப்பாளர், முன்பள்ளி ஆசிரியை, பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர் ஆகியோரைக் கூப்பிட்டு, கொண்டுவந்ததில் ஒரே ஒரு அமர்வை நம் ஆட்களின் கதைகளோடு நடத்திப் பாருங்கள். பெயர்களை மாற்றிவிட்டு.