சொந்தக் கையால் மொண்ட நீர்

அன்புள்ள குட்டிம்மா,

உன் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, பயப்படாதே. போனில் நீ அழுததை அண்ணனிடமும் சொல்லவில்லை. ஆனால் "இத்தனை வருஷமா வெறும் தண்ணியத்தான் அளந்திருக்கேன் அத்தை" என்று நீ சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி ஒரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் ஆன்லைன் என்று காட்டுகிறது. உடம்பு என்னத்துக்கு ஆகும்?

பெங்களூர் கம்பெனியா, அந்தக் கப்பல் புராஜெக்ட்டில் போஸ்ட்டாக்கா என்று கேட்டாய். முடிவு உன்னுடையதுதான். சம்பளம் மூன்று மடங்கு. அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார். வீட்டுக் கடன் பாக்கி நிற்கிறது. எல்லாம் எனக்கும் தெரியும்.

வெறும் தண்ணீர் என்றாயே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆழ்கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. அதற்கு நடுவில் கரைந்து கிடக்கும் கரிமக் கார்பன் அரை மில்லிகிராம் அளவுதான். அதை உலகக் கடல் முழுவதற்கும் கூட்டினால் ஏறக்குறைய 66,000 கோடி டன் வருகிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடாக மிதக்கும் கார்பனுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய தொகை. அளவீட்டில் ஒரு சதவீதம் பிசகினால் 660 கோடி டன் எங்கோ உதைக்கும். 1987-இல் பீட்டர் வில்லியம்ஸும் எலன் ட்ரஃபெலும் வட பசிபிக்கின் ஆழநீரில் இந்தக் கார்பனுக்கு வயது பார்த்தார்கள். சராசரி சுமார் 6,000 ஆண்டுகள். கடல் ஒருமுறை முழுதாகக் கலந்து சுற்றிவர ஆயிரம் ஆண்டும் கொஞ்சமும்தான் ஆகும். அப்படியென்றால் பல சுற்றுகள் வந்தும் பாக்டீரியாக்கள் இதைத் தின்று தீர்க்கவில்லை. கடிக்க முடியாத கட்டமைப்பு என்கிறது ஒரு கட்சி. ஒவ்வொரு வகை மூலக்கூறும் தேடித் தின்னக் கட்டுப்படியாகாத அளவுக்கு நீர்த்துக் கிடக்கிறது என்கிறது இன்னொரு கட்சி. நீ உட்கார்ந்திருப்பது இந்த வழக்கின் நடுவில்.

பிளாங்க், அதாவது சாம்பிளே இல்லாமல் கருவி தானாகக் காட்டும் கார்பன், ஏறிக்கொண்டே போகிறது என்று புலம்பினாய். அதற்காக அழாதே கண்ணு. உன் துறையே ஒருமுறை பிளாங்கில் விழுந்து எழுந்திருக்கிறது. 1988-இல் ஜப்பானில் சுகிமுராவும் சுசூகியும் பிளாட்டினம் கேட்டலிஸ்ட் மேல் நீரை எரித்து அளந்து, பழைய முறைகள் காட்டியதைவிடப் பல மடங்கு கரிமக் கார்பன் கடலில் இருப்பதாகச் சொன்னார்கள். பாடப்புத்தகத்தையே மாற்றி எழுத வேண்டும் என்று பேச்சு. 1991-இல் சியாட்டிலில் நடந்த கூட்டத்தையொட்டி எல்லோரும் ஒரே நீரை அளந்து பார்த்தார்கள். எண்கள் ஆளுக்கு ஒன்றாக வந்தன. கருவிக்கும் கேட்டலிஸ்டுக்கும் உள்ள சொந்தக் கார்பனைச் சரியாகக் கழிக்காததுதான் பெரிய சிக்கல் என்று போகப்போகத் தெளிந்தது. 1993-இல் சுசூகி தன் எண்களைத் திரும்பப் பெறுவதாக 'மரைன் கெமிஸ்ட்ரி' இதழிலேயே எழுதினார். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் மரியாதை. அதற்குப் பிறகுதான் மயாமியில் டென்னிஸ் ஹான்செலின் ஆய்வகம், ஒப்பிட்டுச் சரிபார்க்க, ஆழ்கடல் நீரை ஆம்பூலில் அடைத்து உலகம் முழுக்க அனுப்பத் தொடங்கியது. அதை ஓட்டாமல் ஒரு சாம்பிளைக்கூட ஓட்டாதே. புதுக் கேட்டலிஸ்ட் போட்டிருந்தால் பிளாங்க் இறங்கும்வரை ஓட்டிக்கொண்டே இரு. ஆசிட் பாட்டிலையும் மாற்றிப் பார்.

நான் ஆராய்ச்சிக் கப்பல் ஏறாமல் போன பயணப் பட்டியல் கதை உனக்குத் தெரியும். அப்பாயி இருந்தவரை பொங்கலுக்குப் பொங்கல் அதைச் சொல்லிக் கண் கலங்குவார். பெண்ணுக்குத் தனிக் கேபின் இல்லை என்று கடைசி நேரத்தில் என் பெயரை அடித்துவிட்டார்கள். 1983-இல் கிளம்பிய குழுவோடு கடலியலாளர் அதிதி பந்த் அண்டார்டிகாவுக்கே போய் வந்துவிட்டார். அதற்கு அப்புறமும் எங்கள் ஆய்வகத்தில் இதுதான் நியாயம். 450 டிகிரியில் நான் சுட்டெடுத்து வைத்த கண்ணாடிக் குப்பிகள் கப்பல் ஏறின, நான் ஏறவில்லை. தண்ணீர் பிடித்தவர் கையுறை போட்டாரா, பாட்டில் ஓ-ரிங்கில் கிரீஸ் இருந்ததா, புகைபோக்கிக் காற்று எந்தப் பக்கம் அடித்தது? யாரைக் கேட்பது? திரும்பி வந்த குப்பிகளில் சிலவற்றைத் திறந்ததுமே டீசல் வாடை. வரைபடத்தில் நடு ஆழத்தில் ஒரு மேடு எழும்பி நின்றது. அது அரபிக்கடல் காட்டியதா, யாரோ ஒருவர் கையில் இருந்த அழுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மேட்டுக்குக் காரணம் கண்டுபிடித்துக் கட்டுரையும் போட்டார்கள். என் பெயர் நான்காவது. பெயர் பின்னால் போனதும் வலித்ததுதான். என் கண் பார்க்காத தண்ணீருக்கு நான் ஜவாப்தாரி ஆனதை இன்னும் பொறுக்க முடியவில்லை.

உனக்கு இப்போது கேபின் தருகிறோம் என்கிறார்கள், குட்டிம்மா. நீர் பிடிக்கும் சிடிடி கடலிலிருந்து மேலே வந்ததும் முதல் ஆளாகப் போய் நின்று உன் கையால் குப்பியைக் கழுவி, உன் கையால் நீர் பிடித்து, உன் கையால் ஆசிட் விடலாம். வங்கக்கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் கரிமப்பொருள் எங்கே போய்ச் சேர்கிறது என்று அளக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்?

கம்பெனியைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. கடலுக்குள் இவ்வளவு கார்பனைப் பூட்டிவிட்டோம் என்று சான்று எழுதி விற்பார்கள். அந்த எண்ணை யார் அளந்தது, எந்தக் குப்பியில், பிளாங்க் என்ன என்று கேட்க உன்னால் முடியுமா? கேட்டால் விடுவார்களா? கையெழுத்து மட்டும் உன்னுடையதாக இருக்கும். எனக்கு அதுதான் பயம். மேஜை வேலைக்கு நாற்பது வயதிலும் போகலாம். வீட்டுக் கடனுக்கு இரண்டு வருஷம் நான் கை கொடுக்கிறேன். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதை என்னிடம் விட்டுவிடு.

ரொம்பப் பேசிவிட்டேன். நீ என்னைவிடக் கெட்டிக்காரி. ஏழாம் வகுப்பிலேயே என் தராசு சரியில்லை என்று கண்டுபிடித்தவள். பெங்களூருக்கே போனாலும் உன் புது வீட்டில் பால் காய்ச்ச முதல் ஆளாக வந்து நிற்பேன், இந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கமாட்டேன். நீ சந்தோஷமாக இருந்தால் அது எந்த ஊரானாலும் எனக்குச் சம்மதம். பார்சலில் தேன்குழலும் பருப்புப் பொடியும் அனுப்பியிருக்கிறேன், ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் கொடு. சனிக்கிழமை மாமாவும் நானும் அங்கே வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. வேண்டாம் என்று சொல்லாதே.

என்றும் உன்
அத்தை