சிஸ்டம் திறக்க நேரமாகிறதா? முதலில் டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய டிரங்க் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து கீபோர்டு, எஸ்.எம்.பி.எஸ்., ஹார்டு டிஸ்க் என்று குவித்து வைத்திருப்பார்கள். பேரம் பேசி ஒரு டிஸ்க்கை வாங்கி வந்து, இடம் போதாத ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாட்டுகிறவர்கள் உண்டு. அப்புறம் பார்த்தால், முன்பு ஒரு நிமிடத்தில் திறந்த சிஸ்டம் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. பழி முதலில் வைரஸ் மேல் விழும், அடுத்து விண்டோஸ் மேல், கடைசியில் ஆபீஸில் 'கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி' மேல்.

குரோம்பேட்டை ஆடிட்டர் ஆபீஸ், நாகல்கேணி தோல் கம்பெனியின் பில்லிங் செக்‌ஷன், தாம்பரம் போட்டோ ஸ்டூடியோ என்று இந்த ஜி.எஸ்.டி. ரோடு நெடுக அப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருப்பார். தனியாக ஐ.டி. பிரிவு இல்லாத இடங்களில் அவர்தான் எல்லாம். இந்தக் கட்டுரை அவருக்கு.

ஒரே விதி: விண்டோஸை அழித்து மறுபடி போடுவதற்கு முன், ரேம் வாங்கச் சொல்வதற்கு முன், கூடுதலாக மாட்டியிருக்கும் டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு ஒரு தடவை திறந்து பாருங்கள்.

விண்டோஸ் இல்லாத டிஸ்க் ஏன் விண்டோஸை நிறுத்துகிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் பயாஸ், மாட்டியிருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கையும் விசாரிக்கும். நல்ல டிஸ்க் சில விநாடிகளில் சுழல ஆரம்பித்துப் பதில் சொல்லிவிடும். அடிபட்ட டிஸ்க்கிடமிருந்து பதில் வராது. பயாஸ் காத்திருக்கும், திரும்பக் கேட்கும். பிறகு விண்டோஸ் வந்து அதே விசாரணையைத் தொடங்கும். படிக்க முடியாத ஒரு செக்டாரை நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிக்கான டிஸ்க்குகள் பொதுவாக 7 விநாடியில் கைவிட்டுவிடும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் அதற்கு மேலும் விடாமல் முயன்றுகொண்டிருக்கும். அதுவரை மற்ற வேலைகளும் வரிசையில் நிற்கும்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

செல்போனில் ஸ்டாப் வாட்ச் போதும். மூன்று கட்டங்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: பட்டனை அழுத்தியதிலிருந்து கம்பெனி லோகோ வரும்வரை, சுற்றும் புள்ளிகளிலிருந்து பாஸ்வேர்டு கேட்கும்வரை, பாஸ்வேர்டு போட்டதிலிருந்து டாலி திறக்கும்வரை.

முதல் கட்டம் இழுத்தால் சந்தேகம் டிஸ்க், கேபிள், பூட் வரிசை மேல். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில், பயாஸ் போன தடவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று விநாடிக் கணக்கில் பல சிஸ்டங்களில் காட்டும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது கட்டம் இழுத்தால் டிஸ்க்கோ டிரைவர் மென்பொருளோ காரணமாகலாம். மூன்றாவது மட்டும் இழுத்தால், தானாகத் திறக்கும் புரோகிராம்களைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 8 முதல் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் சிஸ்டம் முழுதாக அணைவதில்லை. வேகமாகத் திறப்பதற்காக ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். 'ரீஸ்டார்ட்' கொடுத்து அளந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள்

சிஸ்டத்தை அணைத்து, சுவர் பிளக்கையும் பிடுங்குங்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை மட்டும் விட்டுவிட்டு யு.எஸ்.பி. டிஸ்க், பென் டிரைவ், கார்டு ரீடர், டி.வி.டி. டிரைவ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இப்போது திறந்து நேரம் பாருங்கள். வேகம் திரும்பிவிட்டால், அணைத்து அணைத்து ஒரு தடவைக்கு ஒன்றாக மாட்டி வாருங்கள். எதை மாட்டியதும் நேரம் எகிறுகிறதோ அதுதான் ஆள். இரண்டை ஒன்றாக மாட்டினால் இத்தனை வேலையும் வீண்.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் மெதுவாகத்தான் திறக்கிறது என்றால், விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கையே சோதியுங்கள். அது பழைய சுழலும் டிஸ்க்காக இருந்தால், ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கச் சொல்ல உங்களுக்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது.

ஆள் அகப்பட்டாலும் உடனே தூக்கிப் போடாதீர்கள்

முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பிறகு மதர்போர்டில் வேறு போர்ட். டிஸ்க்கின் பின்பக்கம் 'எல்' வடிவில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கைப் பாருங்கள். கைமாறி வந்த டிஸ்க்குகளில் அது விரிசல் விட்டிருப்பதுண்டு. அப்படி இருந்தால் கேபிள் உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் பிடிக்காது.

யு.எஸ்.பி. டிஸ்க் என்றால் கேபினெட்டின் முன்பக்க போர்ட்டிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். யு.எஸ்.பி. 2.0 போர்ட்டுக்கான கணக்கு 500 மில்லியாம்பியர், 3.0-க்கு 900. தட்டு சுழலத் தொடங்கும்போது தேவை அதைத் தாண்டினால் டிஸ்க் எழுந்து, விழுந்து, மறுபடி எழும். காதை அருகில் வைத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், சின்ன இடைவெளி, மறுபடி 'டிக்'. இடம் மாற்றியும் அந்தச் சத்தம் நிற்கவில்லை என்றால் டிஸ்க்குக்குள்ளேயே கோளாறு இருக்கலாம். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள்.

கேபினெட்டுக்குள் இருக்கும் பெரிய டிஸ்க் ஒவ்வொன்றும் கிளம்பும்போது 12 வோல்ட் லைனில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். மூன்று டிஸ்க்கை மாட்டிவிட்டு, பேர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பினால் தடுமாற்றம்தான்.

டிஸ்க்கின் ஜாதகம்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைக் காட்டும். நான்கு வரி போதும்.

• 05: கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள்.
• சி5: படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை.
• சி6: சரிசெய்ய முடியாதவை.
• சி7: கேபிள் வழியில் ஏற்பட்ட பிழைகள்.

சி5, சி6 பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு நகல் எடுங்கள். சி7 மட்டும் நாளுக்கு நாள் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவையும் திறந்து பாருங்கள். 7 என்ற எண் கெட்ட பிளாக்கைச் சொல்லும், 153 திரும்ப முயன்றதை, 129 பதில் வராமல் ரீசெட் செய்ததை. ஓனரிடம் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு, செக்டிஸ்க்கில் கெட்ட செக்டார் தேடும் சோதனையை ஓட்டிவிடுகிறார்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் தேடச் சொன்னால் அது பாதியிலேயே போய்ச் சேரலாம். நகல் எடுக்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

டிஸ்க் நன்றாக இருந்தும் தாமதமா?

பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். யு.எஸ்.பி. முதலில் இருந்தால் விண்டோஸ் டிஸ்க்கை முதல் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கரண்ட் போய் டிஸ்க் சரியாக மூடப்படாமல் இருந்தால், அடுத்த தடவை திறக்கும்போது விண்டோஸ் அதைச் சோதித்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை முழுதாக முடிய விடுங்கள். இப்போது இல்லாத நெட்வொர்க் டிரைவை இன்னும் தேடிக்கொண்டிருந்தால் அந்த இணைப்பை நீக்குங்கள்.

லினக்ஸ் சிஸ்டத்தில் சரியாக ஒன்றரை நிமிடம் நின்றால், எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி வைத்த டிஸ்க் இப்போது மாட்டப்படவில்லை என்று சந்தேகப்படலாம். அந்த வரியில் 'நோஃபெயில்' சேர்த்தால் தீர்ந்தது.

ஓனரிடம் எப்படிச் சொல்வது?

"சார், சிஸ்டம் ஸ்லோ" என்று சொன்னால் "பார்த்துக்கலாம்பா" என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், அந்த டிஸ்க் இல்லாம நாப்பது செகண்டுல திறக்குது. மாட்டினா நாலு நிமிஷம். போன வருஷ ஜி.எஸ்.டி. பில் எல்லாம் அதுலதான் இருக்கு. இன்னைக்கே காப்பி எடுத்துடறேன், புது டிஸ்க்குக்கு ஓகே சொல்லுங்க." என்ன கோளாறு, எதற்கு ஆபத்து, என்ன செலவு என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன. அதையே தேதியோடு ஒரு மெயிலாகவும் போட்டுவிடுங்கள். நாளைக்கு டிஸ்க் போனால், நீங்கள் முன்பே எச்சரித்ததற்கு அத்தாட்சி இருக்கும்.

சந்தையில் வாங்கினால்

எத்தனை மணி நேரம் ஓடியது என்ற வரியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஓய்வின்றி ஓடினால் ஒரு வருடத்துக்கு 8,760 மணி. அந்த வரியையும் முழுதாக நம்ப முடியாது. 2025 தொடக்கத்தில், பல ஆண்டுகள் ஓடிய டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கை அழித்துப் புதியவை என்று விற்றது ஜெர்மனியில் அம்பலமானது. பழைய டிஸ்க் படம், பாட்டு, தற்காலிகக் கோப்புகளுக்கு ஆகும். ஆபீஸ் கணக்குக்கு ஆகாது. அதுபோல உங்கள் ஆபீஸ் டிஸ்க்கைக் கழித்துக் கட்டும்போது முழுதாக அழித்துவிட்டு விற்கவும். வாடிக்கையாளரின் பான், ஆதார் நகல்கள் நடைபாதைக்குப் போகக் கூடாது.

நகலை வேறொரு கட்டடத்தில் வையுங்கள். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. முடிச்சூர் பக்கம் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தது. மேசைக்கு அடியில் கம்ப்யூட்டரும் பக்கத்து அலமாரியில் அதன் நகலும் இருந்தால், அப்படியொரு நாளில் இரண்டும் சேர்ந்தே போகும்.

இந்தச் சோதனை முழுவதற்கும் ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு நல்ல சாட்டா கேபிள், அரை நாள் பொறுமை போதும். வேலையின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் நகல், அப்புறம் சோதனை, கடைசியில் ரிப்பேர்.