அலகும் காதணியும்: காயம் காக்கும் முறை

மாசி மகத்தன்று, மலாக்கா நகரில் 1781ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் புறப்பட்டுச் செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தை அடைவதை மலாக்கா வட்டாரத் தோட்ட மக்கள் நன்கறிவர். பால்குடமும் காவடியும் ஏந்தி நேர்த்திக்கடன் செலுத்துவோரில் அலகு குத்திக்கொள்வோரும் உண்டு. குழந்தைகளுக்குக் காது குத்தும் வழக்கமோ எல்லா இல்லங்களிலும் உண்டு. பக்தியும் மரபும் போற்றுதற்குரியவை. ஆயினும் தோலைத் துளைக்கும் ஊசி எதுவாயினும், அது கிருமிக்கு வாயிற்கதவைத் திறந்துவிடுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

ஒருவர் உடலில் குத்திய அலகை மற்றொருவருக்குக் குத்தினால், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி பரவக்கூடும். உலர்ந்த இரத்தத்திலும் இக்கிருமி குறைந்தது ஏழு நாள்கள் உயிர்த்திருக்க வல்லது. நோயின் அறிகுறி தோன்ற ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். ஆதலால் திருவிழாவில் பெற்ற நோய் அங்குதான் வந்தது என்று பலர் உணர்வதே இல்லை. நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு 1989ஆம் ஆண்டு முதல் இதற்குத் தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தோர் தாம் ஊசி போட்டுக்கொண்டோமா என்று மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியால் வருவது வாய்ப்பூட்டு எனப்படும் இசிவு நோய். இதன் விதைகள் கொதிநீரிலும் மடிவதில்லை. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இதற்கான ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கருவியைத் தூய்மை செய்தல்

அலகை எலுமிச்சம் பழத்தில் குத்தி எடுப்பதாலோ, தீயில் காட்டுவதாலோ தூய்மை உறுதியாகாது. நீராவி அழுத்தக் கலத்தில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் வைத்தெடுப்பதே முறை. பின்னர் உறை பிரியாமல் வைத்திருந்து, குத்தும் வேளையில்தான் பிரிக்க வேண்டும். ஓர் ஊசி ஒருவருக்கே. குத்துபவர் சோப்பினால் கை கழுவி, ஆளுக்கொரு புதிய கையுறை அணிதல் வேண்டும்.

நீரிழிவு நோயாளரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் மருத்துவரைக் கேளாமல் அலகு குத்திக்கொள்ளலாகாது.

ஆறும் காலம்

அலகை எடுத்தபின் சிறு துளைகள் சில நாள்களில் மூடிக்கொள்ளும். காது அவ்வாறன்று. உலோகம் உள்ளேயே இருப்பதால், துளையின் உட்புறம் முழுவதும் புதுத்தோல் வளர வேண்டும். காது மடலின் அடிச்சதை ஆற ஆறு முதல் எட்டு வாரம் செல்லும். மேற்புறக் குருத்தெலும்பில் இரத்த ஓட்டம் குறைவு. ஆதலால் அது ஆறப் பல மாதங்களாகும். சீழ் பிடித்தால் காதின் வடிவமே கெடக்கூடும்.

கவனிக்க வேண்டியவை:

1. திருநீற்றை நெற்றியில் இடுக. திறந்த காயத்தில் இடற்க. மஞ்சள், எண்ணெய், சாம்பல் ஆகியவையும் வேண்டா.
2. கொதித்து ஆறிய ஒரு குவளை நீரில் கால் தேக்கரண்டி உப்பிட்டு, நாளுக்கு இருமுறை காயத்தைக் கழுவுக.
3. பால்வெட்டிய கையோடும், பாலை உறையவைக்கும் அமிலம் பட்ட கையோடும் காயத்தைத் தொடற்க.
4. காதணியைத் திருகிக்கொண்டே இராதீர்கள். நிக்கல் கலந்த மலிவு அணிகள் அரிப்பை உண்டாக்கும்.

வீக்கம் பரவுதல், சீழ், காய்ச்சல், தாடை இறுகுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிறர்மேல் குத்திய ஊசி தம்மேல் பட்டுவிட்டதென அறிந்தவர், அறிகுறிக்காகக் காத்திராமல் அன்றே செல்ல வேண்டும். விரைந்து போடப்படும் தடுப்பூசி காக்க வல்லது. கூச்சத்தால் மறைப்பது குடும்பத்துக்கே கேடாய் முடியும்.

காவடி எடுக்க விரதம் இருந்து உடலையும் உள்ளத்தையும் தூய்மை செய்கிறோம். அந்தத் தூய்மை அலகிற்கும் வேண்டும். விழாவுக்கு முன்பே ஆலயக் குழுவினரிடம் இதைக் கேட்டுத் தெளிவது ஒவ்வொரு பக்தரின் உரிமை, கடமையுமாகும்.