மூலநிரலா, பேக்கேஜா?



லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேரை ஏற்ற இரண்டு வழிகள் உண்டு. எதை எப்போது எடுப்பது என்பதில் பலருக்குக் குழப்பம். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. என்னைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்று, மூலநிரலை (அதாவது சோர்ஸ் கோடை) இறக்கி நாமே கம்பைல் செய்வது. பல சி மொழிப் புரோகிராம்களுக்கு கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்றே கட்டளைகள். கேட்கச் சுலபம்தான். ஆனால் கன்ஃபிகர் பாதியில் நின்று, இன்ன லைப்ரரி இல்லை என்னும். அதைத் தேடிப் போட்டால் அது வேறொன்றைக் கேட்கும். லேப் பூட்டுகிற வரைக்கும் இதே பாடுதான்.

மற்றது பேக்கேஜ் மேனேஜர். டெபியன், உபுண்டுவில் ஆப்ட், ஃபெடோராவில் டிஎன்எஃப். எதற்கு எந்த லைப்ரரி தேவை என்ற விவரம் பேக்கேஜிலேயே இருப்பதால் எல்லாவற்றையும் அதுவே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

சோர்ஸில் போடுகிறவன்தான் கெட்டிக்காரன் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போடுவது ஒரு நாள் வேலை. அப்புறம் அதை யார் பார்த்துக்கொள்வது?

2014 ஏப்ரல் 7-ம் தேதி ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இருப்பது வெளியானது. வெளியாள் ஒருவன் சர்வரின் நினைவகத்திலிருந்து தடவைக்கு 64 கிலோபைட் வரை உருவிவிடலாம். அதில் பாஸ்வேர்டும் இருக்கலாம், ரகசியச் சாவியும் இருக்கலாம். டெபியன் அன்றைக்கே திருத்திய பேக்கேஜை வெளியிட்டது. ஆப்டில் அப்டேட் செய்து சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்தவர்களுக்கு ஓட்டை அடைந்தது. சோர்ஸில் போட்டவர்களோ தாங்களாகச் செய்தி அறிந்து, 1.0.1ஜி பதிப்பை இறக்கி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை: டெபியன் பேக்கேஜின் பதிப்பு எண் அதன் பிறகும் 1.0.1இ என்றே இருந்தது. பழைய பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் சேர்த்திருந்தார்கள். ஆகவே நம்பரைப் பார்த்து, "அய்யே, இது பழசு" என்று ஒதுக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல். மேக் இன்ஸ்டால் வழக்கமாக யூஎஸ்ஆர் லோக்கல் என்ற இடத்தில் கொண்டுபோய் வைக்கும். ஆப்டுக்கு அது தெரியாது. டெபியனில் கட்டளையைத் தேடும்போது அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கும். ஒரே புரோகிராமை இரண்டு வழியிலும் போட்டிருந்தால், ஆப்ட் என்னதான் புதுசாகக் கொண்டுவந்தாலும் ஓடுவது நீங்கள் போட்ட பழசுதான்!

அதற்காக சோர்ஸே வேண்டாம் என்பதில்லை. எஃப்எஃப்எம்பெக்கில் எஃப்டிகே ஏஏசி கோடெக் வேண்டுமா? லைசென்ஸ் ஒத்துவராததால் டெபியன் அதைச் சேர்த்துத் தருவதில்லை. நாமேதான் கம்பைல் செய்ய வேண்டும். புரோகிராமின் உள்ளே கைவைத்துப் படிக்க நினைப்பவருக்கும் சோர்ஸ்தான் வழி. அப்போது கன்ஃபிகரில் 'ப்ரீஃபிக்ஸ்' கொடுத்து உங்கள் ஹோமிலேயே தனி ஃபோல்டரில் போடுங்கள். வேண்டாதபோது அந்த ஃபோல்டரை அழித்தால் போதும். ரூட் பாஸ்வேர்டும் தேவைப்படாது. நம் லேப்பில் அது யாரிடம் இருக்கிறது, கேட்டால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்கே தெரியும்!